ரைபிளைத் தோளில் பொருத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரைபிள் கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வார இறுதிகளில் உதவிவருகிறேன். குறி பார்ப்பது, மூச்சைக் கட்டுவது, ட்ரிகரை அழுத்துவது பற்றியெல்லாம் முதல் வாரத்திலேயே கேட்டுத் துளைப்பவர்கள், தோளைப் பற்றி இரண்டாவது மாதத்தில்தான் வாய் திறக்கிறார்கள். அதற்குள் ஏதாவது ஒரு தவறான பழக்கம் ஊறிப்போயிருக்கும். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த ஐயங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ரேஞ்சில் ‘பட்’ என்று சொல்லப்படும், தோளில் பதியும் பின்பகுதியை இங்கே ‘கட்டை’ என்றே எழுதுகிறேன். அதன் முனையில் தோளைத் தொடும் தகடு பட் பிளேட். விடைகள் எல்லாம் வலது தோளில் வைத்துச் சுடுகிறவரை மனத்தில் கொண்டவை. இடது தோள்காரர்கள் பக்கத்தை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

கட்டையைத் தோளில் சரியாக எந்த இடத்தில் வைக்க வேண்டும்?

வலது கையை முன்னால் நீட்டி, முழங்கையைச் சற்று மடக்கி, ரைபிளின் பிடியைப் பற்றுவதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். இடது கை விரல்களால் காறை எலும்புக்குக் கீழே தடவிக்கொண்டே வெளிப்பக்கம் போனால், மார்புத் தசை முடிந்து தோள் மூட்டின் உருண்டையான தசை தொடங்கும் இடத்தில் ஒரு மெத்தென்ற பள்ளம் தட்டுப்படும். கட்டைக்கு உரிய இடம் அதுதான். கையைத் தொங்கவிட்டபடி தேடினால் அந்தப் பள்ளம் தெளிவாகத் தெரியாது. கை முன்னால் வரும்போதுதான் அது உருவாகிறது.

வைக்கக் கூடாத இடங்கள் இரண்டு. ஒன்று, காறை எலும்பின் மேல்; இன்னொன்று, தோள் மூட்டைத் தாண்டி மேற்கையின் தசைமேல். முதலாவது வலிக்கும் என்பதால் தானாகத் திருந்திவிடுவார்கள். இரண்டாவது வலிக்காது, அதனால் நெடுநாள் நீடிக்கும். பள்ளத்துக்குள்ளேயே கழுத்தை ஒட்டியா, வெளிப்பக்கமா என்பது சுடும் நிலையைப் பொறுத்தது. அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

தோளில் வைத்த பிறகு தலையை எவ்வளவு சாய்த்தாலும் குறி கண்ணுக்குச் சரியாகக் கிடைக்கவில்லை. கட்டை தப்பா, தலை தப்பா?

பெரும்பாலும் வரிசைதான் தப்பு. ரைபிளை முதலில் தோளில் நட்டுவிட்டு, பிறகு கழுத்தை வளைத்து முகத்தை அதனிடம் கொண்டுபோகிறீர்கள். தலை இயல்பாக நிமிர்ந்து நிற்க, ரைபிள்தான் கன்னத்தைத் தேடி வர வேண்டும். கன்னம் அமர்ந்த உயரத்துக்கு ஏற்பக் கட்டை தோளில் எங்கே விழுகிறதோ, அந்த உயரத்தில் அது நிலைகொள்ளட்டும். தலை கவிழ்ந்திருந்தால் புருவத்துக்கு அடியிலிருந்து மேல்நோக்கிப் பார்க்க நேரிடும். பத்துக் குண்டு சுடுவதற்குள் கண் களைத்துவிடும், கழுத்துத் தசையின் நடுக்கம் ரைபிளுக்கும் இறங்கும்.

சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. கண்களை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் ஏற்றி, கன்னத்தை வசதியாக வைத்து, இரண்டு மூச்சு விட்டபின் கண்ணைத் திறக்க வேண்டும். கண்ணருகே இருக்கும் பின்குறியின் துளையும் குழல்முனையில் இருக்கும் முன்குறியும் ஒரே கோட்டில் தெரிந்தால் கட்டையின் உயரம் சரி. முன்குறி துளைக்குள் மேலே ஏறித் தெரிந்தாலோ கீழே இறங்கித் தெரிந்தாலோ, கழுத்தை நெளிக்காமல் கட்டையையோ கன்னத் தாங்கியையோ மாற்றுங்கள்.

ஏர் ரைபிள் உதைப்பதே இல்லையே. அதற்குப் போய்த் தோளைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை?

உதைப்பதில்லை என்பது ஏறக்குறைய உண்மை. பள்ளிப் பாடத்தில் உந்த அழியா விதிக்குத் துப்பாக்கியின் பின்னியக்கத்தை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள் அல்லவா, அதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். காற்றழுத்தத்தால் சுடும் போட்டி ஏர் ரைபிளின் பெல்லட் என்ற சிறு ஈயக் குண்டு 0.53 கிராம் அளவில் இருக்கும், நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும். 50 மீட்டர் போட்டி ரைபிளில் போடும் .22 தோட்டாவின் ஈயம் 2.6 கிராம், வேகம் 330 மீட்டர். பழைய ராணுவ ரைபிளின் .303 தோட்டாவுக்கு 11.3 கிராமும் 740 மீட்டரும். எடையையும் வேகத்தையும் பெருக்கினால், உதைப்பு ஏறத்தாழ 1 : 10 : 90 என்ற விகிதத்தில் வருகிறது. 5 கிலோ ஏர் ரைபிள் நொடிக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தில் பின்னால் நகர முயல்கிறது. சுடுவதற்கென்று அணியும் தடித்த ஜாக்கெட்டுக்குள் இருக்கும் தோளுக்கு அது தெரியவே தெரியாது.

ஆனால் தோளின் வேலை உதையைத் தாங்குவது மட்டும் அன்று. 10 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி என்பது 0.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பொட்டு. ஒரு வளையத்திலிருந்து அடுத்த வளையத்துக்கு 2.5 மில்லிமீட்டர்தான். முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே 70 சென்டிமீட்டர் இருப்பதாகக் கொண்டால், முன்குறி 0.2 மில்லிமீட்டர் விலகுவதற்குள்ளாகவே ஒரு வளையம் கைவிட்டுப் போய்விடும். தோளில் கட்டை ஒரு விரற்கடை இடம் மாறினால் கன்னம் மாறும், கன்னம் மாறினால் கண் மாறும், இடது கையில் விழும் எடையும் மாறும். இதையெல்லாம் 0.2 மில்லிமீட்டருக்குள் யார் அடக்கிவைப்பது? போதாததற்கு, மெதுவாகப் போகும் பெல்லட் குழலுக்குள் அதிக நேரம் இருக்கிறது. ட்ரிகர் விழுந்ததும் தோளைத் தளர்த்துகிறவருடைய குழல், பெல்லட் வெளியேறும் முன்பே நகரத் தொடங்கியிருக்கும்.

எவ்வளவு அழுத்தமாக இழுத்துப் பிடிக்க வேண்டும்?

இதை எடையாகச் சொல்ல இயலாது; உணர்ச்சியாகச் சொல்லலாம். ஏர் ரைபிளிலும் .22-இலும் கட்டை தோளோடு முழுமையாக ஒட்டி நிற்க வேண்டும், ஆனால் வலது கை அதைத் தோளுக்குள் திணிக்கக் கூடாது. படுத்த நிலையில் இந்த வேலையை ஸ்லிங் செய்கிறது. இடது மேற்கையில் மாட்டிய வார் இறுகும்போது ரைபிள் தானாகத் தோளுக்குள் அமர்கிறது. வலது கைக்கு மிஞ்சுவது பிடியைத் தொட்டுக்கொண்டு ட்ரிகரை இயக்கும் வேலை மட்டுமே. வலது கையைப் பிடியிலிருந்து எடுத்தாலும் ரைபிள் தோளிலேயே நின்றால் ஸ்லிங்கின் நீளம் சரி என்று கொள்ளலாம்.

முதல் குண்டுக்கு மென்மை, பத்தாம் குண்டுக்கு இறுக்கம் என்று மாறிக்கொண்டே போவதுதான் உண்மையான தீங்கு. சற்றே இறுக்கமாகப் பிடிக்கிறவர் எல்லாக் குண்டுக்கும் அதே இறுக்கத்தை வைத்திருந்தால், பின்குறியைத் திருகிச் சரிசெய்துவிடலாம். மாறிக்கொண்டே இருக்கும் பிடிக்கு எந்தத் திருகும் உதவாது.

காவலர் பயிற்சியில் .303 சுட்ட மறுநாள் தோள் கன்றி நீலம் பாரித்துவிட்டது. உடம்பில் பலம் போதாதோ?

பலத்துக்கும் இதற்கும் தொடர்பு மிகக் குறைவு. உதைக்கும் என்ற அச்சத்தில் கட்டையைத் தோளிலிருந்து ஒரு நூல் இடைவெளி விட்டுப் பிடித்திருப்பீர்கள். மேலே சொன்ன கணக்கின்படி, 4 கிலோ எடையுள்ள .303 ரைபிள் நொடிக்கு 2 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தோடு பின்னால் பாய்கிறது. இடைவெளி இருந்தால் அந்த வேகத்தை முழுதாக எட்டிய பிறகு, சுத்தியல்போல் வந்து தோளில் மோதும். முன்பே ஒட்டியிருந்தால் ரைபிளும் உடம்பும் சேர்ந்தே பின்னால் போகின்றன. அதே உதை, அடியாக இல்லாமல் ஒரு தள்ளலாக இறங்குகிறது. எனவே இந்த ரகத்துக்கு, முந்திய விடையில் சொன்ன மென்மை பொருந்தாது. வலது கையால் நன்றாகப் பின்னிழுத்துப் பிடிக்க வேண்டும். நின்று சுட்டால் உடல் எடையைச் சற்று முன்காலுக்குக் கொடுக்க வேண்டும்.

மாணவர் படையில் இருந்தபோது நானும் இதே தவற்றைச் செய்தவன். என் கட்டை போதாக்குறைக்குக் காறை எலும்பின்மேல் உட்கார்ந்திருந்தது. ஒரு வாரம் தோள்பையைக்கூட வலப்பக்கம் மாட்ட முடியவில்லை. கன்றியது ஆறிவிட்டது, அதற்குப் பிறகு ட்ரிகரைத் தொட்டாலே கண்ணை மூடிக்கொண்டு தோளை முன்னால் தள்ளும் பழக்கம் வந்துவிட்டதுதான் பெரிய தொல்லை. அது போக மாதக்கணக்கில் ஏர் ரைபிளும் .22-உம் சுட வேண்டியிருந்தது. வலியோடு தொடர்ந்து சுடாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் தோள் மட்டும் அன்று, இந்தப் பழக்கமும்தான்.

படுத்துச் சுடும்போது கட்டையைக் கழுத்துப் பக்கம் தள்ளு என்கிறார்கள். நின்று சுடும்போது வெளியே தள்ளு என்கிறார்கள். இரண்டும் ஒரே தோள்தானே?

தோள் ஒன்றுதான், ஆனால் அது இலக்கைப் பார்க்கும் கோணம் வேறு. படுத்த நிலையில் உடம்பு ஏறக்குறைய ரைபிளின் பின்னாலேயே நீண்டு கிடக்கிறது. இரண்டு தோள்களும் இலக்கைப் பார்க்கின்றன, தலையும் முன்னால் வருகிறது. கட்டை கழுத்துக்கு அருகே, பள்ளத்தின் உட்பக்கத்தில் இருந்தால் கண் எளிதாகக் குறிக்குப் பின்னால் வந்துவிடும். உதைப்பும் முதுகின் நீளவாக்கில் நேராக இறங்கும். வெளியே மேற்கைப் பக்கம் வைத்தாலோ, ஒவ்வொரு குண்டும் வலது தோளை மட்டும் பின்னுக்குத் தள்ளி உடம்பைத் திருப்பும், குழல் வலப்பக்கம் ஒதுங்கும், அடுத்த குண்டுக்கு முன் கிடப்பையே திரும்ப அமைக்க வேண்டியிருக்கும்.

நின்று சுடுகிறவர் இலக்குக்குப் பக்கவாட்டில் நிற்கிறார். இடது இடுப்பு இலக்கைப் பார்க்கிறது, இடது முழங்கை அந்த இடுப்பின்மேல் ஊன்றுகிறது, முதுகு சற்றுப் பின்னால் சாய்ந்து ரைபிளின் எடையைச் சமன்செய்கிறது. இந்த அமைப்பில் கழுத்தருகே கட்டையை வைக்க முயன்றால் தலையை ரைபிளுக்கு மேல் கவிழ்க்க வேண்டும். ஆகவே அது இயல்பாகவே பள்ளத்தின் வெளி ஓரத்துக்கு, தோளும் மேற்கையும் கூடும் இடத்துக்கு நகர்கிறது. உதைப்புக் குறைவான ரைபிள்களில் இதனால் கேடு இல்லை. சர்வதேச விதியும் நின்ற நிலையில் தோள், தோளை அடுத்த மேற்கை, வலது தோளை ஒட்டிய மார்புப் பகுதி ஆகியவற்றை ரைபிள் தொட இடம் தருகிறது. படுத்த நிலையில் தாங்குவதற்கு இரண்டு கையும் ஒரு தோளும் மட்டுமே உண்டு.

மண்டியிட்ட நிலை இவ்விரண்டுக்கும் நடுவே. 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் மண்டியிட்டும் படுத்தும் நின்றும் ஒரே ஆட்டத்தில் சுட வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது அந்தப் போட்டியில்தான். அவர்களுடைய ரைபிள்களில் பட் பிளேட்டுக்கு இத்தனை திருகுகள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை: நிலை மாறும்போதெல்லாம் பட் பிளேட்டின் உயரம், நீளம், சாய்வு எல்லாவற்றையும் அந்த நிலைக்குரிய அளவில் மாற்றிக்கொள்கிறார்கள். அளவுகளை ஒரு சிறு நோட்டில் குறித்தும் வைத்திருப்பார்கள்.

வலது முழங்கையைத் தூக்க வேண்டுமா, தொங்கவிட வேண்டுமா?

பழைய ராணுவப் பாடத்தில் நின்று சுடும்போது முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கச் சொல்வார்கள். அப்படித் தூக்கினால் முதல் விடையில் சொன்ன பள்ளம் ஆழமாகும். கனமான உதைப்பைத் தாங்கும் கட்டைக்கு அது பொருத்தம். இன்றைய ஏர் ரைபிள் சுடுநர்கள் பெரும்பாலும் அதைத் தளர்வாகத் தாழ்த்தியே வைக்கிறார்கள். அறுபது குண்டுக்கு முழங்கையைத் தூக்கி வைத்திருப்பது வீண் களைப்பு.

படுத்த நிலையில் வேறொரு நுணுக்கம் உண்டு. முதலில் இடது முழங்கை, பிறகு கட்டை தோளில், கடைசியாக வலது முழங்கை என்ற வரிசையில் தரையில் வையுங்கள். வலது முழங்கையை ஊன்றும்போது தோள் மெல்ல முன்னால் உருண்டு கட்டையைக் கவ்விக்கொள்ளும். பிறகு குண்டு போடுவதற்காக அந்த முழங்கையை எடுத்து வேறிடத்தில் வைத்தீர்களானால், தோளின் வடிவம் மாறிக் கட்டை நழுவிவிடும். பயிற்சி பெற்றவர்கள் கட்டையைத் தோளிலேயே விட்டுவிட்டு, ரைபிளைச் சற்றே சாய்த்துக் குண்டு போடுவதற்குக் காரணம் இதுதான்.

நின்று சுடும்போது கட்டையின் மேல் பாதி தோளுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் தப்பு என்கிறார்கள்.

ஏர் ரைபிளிலும் .22-இலும் அது தப்பாகாது. தலையை நிமிர்த்தி வைத்தால் ரைபிள் உயர்ந்துதான் ஆக வேண்டும். பட் பிளேட்டைக் கீழே இறக்கும் வசதி இல்லாத சாதாரணக் கட்டையில் கீழ்ப்பாதி மட்டுமே தோளில் பதியும். தலையைக் கவிழ்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். பட் பிளேட்டை இறக்க முடியும் என்றால் இறக்கிவிடுங்கள், பார்க்கிறவர்களும் ஓய்ந்துவிடுவார்கள்.

.303 போன்றவற்றில் கூடாது. கீழ்முனையில் மட்டும் தொட்டால் உதை முழுவதும் அந்தச் சிறு இடத்திலேயே இறங்கும். குழல் உயரத்திலும் தோளின் தாங்கல் தாழ்விலும் இருப்பதால் குழல்வாய் மேல்நோக்கித் துள்ளும். அந்த இடைவெளி கூடக் கூடத் துள்ளலும் கூடும்.

கட்டை எனக்கு நீளமா குட்டையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, கட்டையின் முனையை முழங்கை மடிப்பில் வைத்துப் பாருங்கள். ஆட்காட்டி விரலின் முதல் கணு ட்ரிகரை எட்டினால் தொடங்குவதற்குப் போதும். குள்ளமான மாணவர்கள் பெரியவர்களின் ரைபிளைத் தூக்கும்போது கட்டை நீளமாகிப்போய், அதை எட்டுவதற்காகத் தோள் மூட்டைத் தாண்டி மேற்கையில் வைத்துக்கொள்வார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை, கட்டையைத்தான் குறைக்க வேண்டும். குட்டையாக இருந்தால் பட் பிளேட்டுக்கு முன்னால் தகடுகள் செருகலாம்.

பட் பிளேட்டில் கொக்கி மாட்டிக்கொண்டால் அசையாதே. ஏன் மாட்டக் கூடாது என்கிறார்கள்?

அக்குளுக்கு அடியில் வளைந்து போகும் அந்தக் கொக்கி 50 மீட்டர் ரைபிளுக்கு அனுமதிக்கப்பட்டது, 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கு அனுமதி இல்லை. கிளப்பில் பழகிவிட்டுப் போட்டியன்று கழற்றச் சொன்னால் தடுமாற்றம் உங்களுக்குத்தான். வழுக்காமல் இருக்க ஜாக்கெட்டிலோ கட்டையிலோ பசை, தெளிப்பான் எதையாவது தடவலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. ஒட்டும் பொருள் எதற்கும் விதியில் இடமில்லை.

ஜாக்கெட் போட்டுச் சுட்டால் ஒரு மாதிரி, சட்டையோடு சுட்டால் வேறு மாதிரி. ஏன்?

தோளுக்கும் கட்டைக்கும் நடுவே துணியின் தடிப்பு மாறினால் கட்டையின் நீளமும் அந்த அளவு மாறியதாகவே பொருள். விதிப்படி ஜாக்கெட்டின் தடிப்பு ஒற்றை அடுக்குக்கு 2.5 மில்லிமீட்டர், தோளில் வலுவூட்டிய துண்டும் உள்ளே அணியும் ஸ்வெட்டரும் சேர்ந்தால் கணிசமாக ஏறும். ஜாக்கெட்டோடு போட்டியிடப் போகிறவர் ஜாக்கெட்டோடுதான் பழக வேண்டும். சட்டையோடு சுடுகிறவர்கள் காலர், பொத்தான், சட்டைப்பையில் இருக்கும் பேனா ஆகியவற்றைக் கவனியுங்கள். சட்டைப்பையில் சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு அதன்மேலேயே கட்டையை வைத்த ஒருவரையும் பார்த்திருக்கிறேன்.

கட்டையின் கீழ்முனை மார்பில் அழுந்துகிறது. பயிற்சியாளரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. பெண்கள் பலரும் கேட்ட கேள்வி இது. கீழ்முனை சற்று வெளிப்பக்கம் திரும்புமாறு பட் பிளேட்டைச் சாய்த்துவிடலாம். போட்டி ரைபிள்களில் இதற்கென்றே திருகு உண்டு. சாதாரணக் கட்டையாக இருந்தால் அரை அங்குலம் மேலே ஏற்றி வையுங்கள். மேல்பகுதி துருத்தினால் என்ன ஆகும் என்பதை மேலே எழுதியிருக்கிறேன். உள்ளாடைப் பட்டியின் கொக்கி கட்டைக்கு அடியில் வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். வலியை மறைத்துக்கொண்டு சுடுகிறவர் தன்னை அறியாமல் கட்டையை மேற்கைப் பக்கம் நகர்த்திவிடுவார், பிறகு குண்டு ஏன் பக்கவாட்டில் சிதறுகிறது என்று எல்லாரும் மண்டையை உடைத்துக்கொள்வோம்.

ஏர் ரைபிளை ஒவ்வொரு குண்டுக்கும் இறக்கி வைக்கிறோம். அதே இடத்துக்கு எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

இந்தத் தொகுப்பிலேயே கடினமான கேள்வி இதுதான் என்பேன். 10 மீட்டர் போட்டியில் 75 நிமிடத்தில் 60 குண்டு; ஒவ்வொன்றுக்கும் ரைபிளை ஸ்டாண்டில் இறக்கி, ஓய்ந்து, மறுபடி ஏற்ற வேண்டும். 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவின் காணொளியோ, 2012-இல் லண்டனில் வெண்கலம் வென்ற, சென்னையில் பிறந்த ககன் நாரங்கின் காணொளியோ கிடைத்தால், சுடுவதை விட்டுவிட்டு அவர்கள் ரைபிளை ஏற்றுவதை மட்டும் பாருங்கள். பூசாரி தீபாராதனைத் தட்டைத் தூக்குவதுபோல் ஒவ்வொரு தடவையும் ஒரே வரிசை, ஒரே வேகம்.

பழகும் முறை இதுதான். குண்டு இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, வெற்றுச் சுவரைப் பார்த்து நின்று, கட்டையைத் தோளில் வைத்து, கண்ணை மூடி, அது தொடும் இடத்தை உடம்பால் உணருங்கள். கட்டையின் மேல்முனை எங்கே முட்டுகிறது, கீழ்முனை எங்கே அமர்கிறது என்ற இரண்டு அடையாளங்கள் போதும். இறக்கி, மறுபடி கண்ணை மூடியே ஏற்றி, அந்த இரண்டும் அதே இடத்தில் தட்டுகின்றனவா என்று பாருங்கள். நாள்தோறும் இருபது முறை. ஜாக்கெட்டில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்த மாணவி ஒருத்தி, தன் கட்டை ஒரு மணி நேரத்தில் இரண்டு விரற்கடை கீழே இறங்கிவிட்டதைக் கண்டு திகைத்துப்போனாள். களைப்பு ஏற ஏற ரைபிளை முழு உயரத்துக்குத் தூக்க உடம்பு சோம்புகிறது, அவ்வளவே.

படுத்த நிலையில் முதல் குண்டு மட்டும் தனியே போய் விழுகிறது. மற்றவை ஒன்றாகச் சேர்கின்றன. ரைபிளில் கோளாறா?

ரைபிளைச் சந்தேகிப்பதற்கு முன் தோளைச் சந்தேகியுங்கள். முதல் குண்டின் உதைப்பில்தான் கட்டை துணியின் மடிப்புகளை அழுத்திக்கொண்டு முழுமையாக அமர்கிறது. இரண்டாவது குண்டு சற்றே மாறிய நிலையில் புறப்படுகிறது. மதிப்பெண் சேராத பயிற்சிக் குண்டுகளை இதற்குத்தான் பயன்படுத்த வேண்டும். அவற்றைச் சுட்டபின் கட்டையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு மதிப்பெண் குண்டுக்கு மறுபடி வைத்தால், அமர்த்தியதெல்லாம் வீண்.

குண்டுகள் சிதறும் விதத்திலிருந்தும் ஓரளவு ஊகிக்கலாம். மேலும் கீழுமாக நீண்டால், கட்டையின் உயரம் குண்டுக்குக் குண்டு மாறுகிறதா என்று முதலில் பாருங்கள். இடமும் வலமுமாகப் பரவினால், கழுத்துப் பக்கமும் வெளிப்பக்கமும் நகர்கிறதா என்று பாருங்கள். இது விதி அன்று. மூச்சைத் தவறாகக் கட்டினாலும் மேல் கீழ்ச் சிதறல் வரும், ட்ரிகரைப் பக்கவாட்டில் இழுத்தாலும் இடம் வலச் சிதறல் வரும்.

பின்குறியில் பார்க்கும்போது இலக்கு இதயத் துடிப்போடு சேர்ந்து துடிக்கிறது. கட்டையை மாற்றினால் நிற்குமா?

பெரும்பாலும் நிற்காது. படுத்த நிலையில் அந்தத் துடிப்பு இடது மேற்கையிலிருந்து வருகிறது. ஸ்லிங் அங்குள்ள தமனியின்மேல் இறுகியிருக்கும். வாரைக் கையின் மேலோ வெளிப்பக்கமோ நகர்த்தி, ஒரு துளை தளர்த்திப் பாருங்கள். அதன் பிறகும் துடித்தால், கட்டை அக்குளை நோக்கி இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பக்கமும் பெரிய தமனி ஓடுகிறது.

நான் வலதுகைக்காரன். ஆனால் இடது கண்தான் ஓங்கியிருக்கிறது என்கிறார்கள். எந்தத் தோளில் வைப்பது?

புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் கண்ணுக்கு முதலிடம் கொடுத்து இடது தோளில் பழகுவதையே நான் பரிந்துரைப்பேன். இரண்டு வாரம் அந்நியமாக இருக்கும், பிறகு பழகிவிடும். வலது கைக்கென்று அமைந்த போல்ட் (குண்டு போடத் திறந்து மூடும் பகுதி), கன்னத் தாங்கி ஆகியவை இடைஞ்சல் தரும் என்பது மெய்யே. கிளப்பில் இடதுகை ரைபிள் இல்லாவிட்டாலும், ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் வலது தோளில் பழகிவிட்டாலும், பின்குறியில் இடது கண்ணை மறைக்கும் சிறு தடுப்பை மாட்டிக்கொண்டு தொடரலாம். வலது தோளில் கட்டையை வைத்து, இடது கண்ணால் பார்ப்பதற்காக ரைபிளுக்கு மேல் தலையைக் குறுக்கே நீட்டுவது மட்டும் வேண்டாம்.

அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். கிளப்புக்கு அழைத்துவந்து சுட வைக்கலாமா?

மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். பேஸ்மேக்கரைப் பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழேதான் தோலுக்கடியில் வைக்கிறார்கள். அதாவது இடது தோள்காரர் கட்டையை வைக்கும் இடத்தை ஒட்டி. அங்கே உதைப்பு விழுந்தால் கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பி சேதமடைய வாய்ப்புண்டு. அப்பா வலது தோளில் சுடுகிறவரா, கருவி எந்தப் பக்கம் இருக்கிறது, சுடப்போவது ஏர் ரைபிளா .22-ஆ என்ற மூன்றையும் மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். ‘துப்பாக்கி சுடலாமா’ என்று மொட்டையாகக் கேட்டால் அவர் .303-ஐ நினைத்துக்கொண்டு பதில் சொல்லக்கூடும். காறை எலும்பு முறிந்து தகடு வைத்தவர்களுக்கும் இதுவே விடை.